கம்பிப்புல்லும் காட்டுத் தீயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், லாங்லீஃப் பைன் எனப்படும் நீண்ட ஊசியிலை மரங்களின் அடியில் தரையை மூடி வளரும் ஒரு புல்லைப் பற்றிய பக்கம் இது. காட்டுக்குத் தீ நன்மை செய்யும் என்று கேட்டவுடன் பலருக்கும் எழும் ஐயங்களும், இந்தப் புல்லைத் தோட்டத்தில் வைக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளும் இங்கே சேர்ந்தே இடம்பெறுகின்றன.

கம்பிப்புல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் வயர்கிராஸ் என்று வழங்கும் புல்லைத்தான் இங்கே கம்பிப்புல் என்கிறோம். இது அரிஸ்டிடா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதன் இலை தட்டையாக விரிவதில்லை. இரண்டு ஓரங்களும் உட்புறமாகச் சுருண்டுகொள்வதால், ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியைப் போலத் தோன்றுகிறது. தரையில் கொடியோடிப் பரவாமல், ஒரே இடத்தில் தூர் கட்டி, நூற்றுக்கணக்கான இலைகள் ஊற்றைப் போல எழுந்து வளைந்து விழும்படி வளர்கிறது. ஒவ்வொரு விதையின் நுனியிலும் மீசை போன்ற மூன்று நீட்சிகள் உண்டு. இலையுதிர் காலத்தில் பூத்த கதிர்கள் பொன்னிறமாகி, சாய்ந்த வெயிலில் காடு முழுவதும் மின்னும் காட்சிக்காகவே இதை அழகுப் புல் என்று கொண்டாடுவோர் உண்டு. அந்தக் கொண்டாட்டம் தகும் என்றே கருதுகிறேன். ஆனால் அந்தப் பொன்னிறக் கதிர்கள் தோன்றுவதற்கு அதே ஆண்டில் ஒரு தீ வந்து போயிருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்தின் மையச் செய்தி.

இது ஒரே இனமா, இரண்டு இனங்களா?

பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷோவின் நூலில், அவர் மறைந்தபின் 1803இல், இந்தப் புல்லின் அரிஸ்டிடா ஸ்ட்ரிக்டா என்ற பெயர் வெளிவந்தது. வட கரோலினாவிலும் தென் கரோலினாவின் வடபகுதியிலும் வளர்வதை அந்தப் பெயரிலேயே வைத்துக்கொண்டு, தென் கரோலினாவின் தென்பகுதி தொடங்கி ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா வழியாக மிசிசிப்பி வரை வளர்வதை அரிஸ்டிடா பெய்ரிச்சியானா என்று தனியே பிரிக்க வேண்டும் என 1993இல் ராபர்ட் பீட் எழுதினார். இரண்டையும் ஒன்றாகவே கருதும் தாவரவியலாளர்கள் இன்றும் உண்டு. இரண்டுக்கும் இடையே, தென் கரோலினாவின் நடுப்பகுதியில், பைன் காடு இருந்தும் இந்தப் புல் இயற்கையாக இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. மேற்கே லூயிசியானாவிலும் டெக்சஸிலும் உள்ள லாங்லீஃப் காடுகளிலும் கம்பிப்புல் இல்லை. அங்கே புளூஸ்டெம் எனப்படும் வேறு புற்கள் இதன் வேலையைச் செய்கின்றன. தீயோடு உள்ள உறவில் இரு இனங்களும் ஒன்றுபோலவே நடந்துகொள்வதால், இனிவரும் பதில்களில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம்.

தீயை நம்பி வாழும் காடு என்றால் என்ன பொருள்?

தீயைத் தாங்கிக்கொள்ளும் காடு வேறு, தீ வராவிட்டால் அழிந்துபோகும் காடு வேறு. லாங்லீஃப் பைன் காடு இரண்டாவது வகை. வர்ஜீனியாவின் தென்கிழக்கு மூலையிலிருந்து டெக்சஸின் கிழக்குப் பகுதி வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் ஒரு காலத்தில் பரவியிருந்த இந்தக் காட்டில், பெரும்பாலான இடங்கள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தன. அடர்ந்த மரங்கள் பற்றி எரியும் பெருந்தீ அல்ல அது. மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்க, இடையே வெயில் தரைவரை இறங்க, முழங்கால் உயரப் புல்லில் மட்டும் ஓடி, மரங்களின் தடித்த பட்டையைக் கரியாக்கிவிட்டுக் கடந்து போகும் தரைத் தீ. அது வந்துகொண்டே இருந்ததால்தான் ஓக் முதலிய அகன்ற இலை மரங்கள் தலையெடுக்க முடியாமல் காடு திறந்த வெளியாகவே நிலைத்தது.

அத்தகைய தீ ஓடுவதற்கு ஓர் எரிபொருள் வேண்டும். அதுதான் கம்பிப்புல். காய்ந்த பழைய இலைகள் உதிராமல் தூரிலேயே தங்குகின்றன. மேலிருந்து உதிரும் பைன் ஊசிகள், நீளமானவையும் பிசின் நிறைந்தவையும் ஆதலால், தரையில் படிந்து நனையாமல் புல்லின்மேல் தொங்கிக் காற்றில் உலர்கின்றன. மழை பெய்த மறுநாளே இந்தக் கலவை எரியும் நிலைக்கு வந்துவிடக்கூடும். ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குத் தீ தாவுவதற்கு வேண்டிய தொடர்ச்சியையும் இதுவே தருகிறது. எனவே கம்பிப்புல்லைத் தீயைச் சகித்துக்கொள்ளும் புல் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். காடு எரிவதற்கு வழி செய்வதே அந்தப் புல்தான்.

எரிந்து கரியான புல் எப்படி மறுபடியும் துளிர்க்கிறது?

வளரும் மொட்டுகள் தூரின் அடியில், மண்மட்டத்தையொட்டி, பழைய இலைகளின் இறுகிய அடிப்பகுதிகளால் சூழப்பட்டிருக்கின்றன. புல்தீ ஓரிடத்தில் நின்று எரிவதில்லை. வெப்பம் பெரும்பாலும் மேல்நோக்கியே போய்விடுவதால், ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அதிகம் சூடேறுவதில்லை. மேலே உள்ளதெல்லாம் சாம்பலானாலும் மொட்டும் வேரும் தப்பிவிடுகின்றன. வளரும் பருவத்தில் எரிந்த நிலத்தில் சில நாட்களிலேயே கரிய தூர்களின் நடுவில் பசுமை தெரியத் தொடங்கும். பழைய காய்ந்த இலைகளின் நிழல் நீங்கிவிட்டதால், புதிய இலைகளுக்கு முழு வெயிலும் கிடைக்கிறது. ஒரு தூர் இப்படிப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப எரிந்து எழுந்துகொண்டே வாழ்கிறது.

எந்தப் பருவத்தில் எரிந்தாலும் ஒன்றுதானா?

இல்லை. கம்பிப்புல்லின் வாழ்க்கையில் இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

காடுகளைப் பராமரித்தவர்கள் நீண்ட காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்மாதங்களில்தான் திட்டமிட்ட எரிப்பைச் செய்துவந்தார்கள். அப்போது குளிர்ந்த காற்று சீராக வீசும், தீயைக் கட்டுப்படுத்துவது எளிது, காடைகள் கூடு கட்டும் காலமும் அல்ல. அப்படி எரிந்த நிலத்தில் கம்பிப்புல் நன்றாகவே துளிர்த்தது; ஆனால் பூப்பது அரிதாக இருந்தது, விதையோ முளைக்கும் தரத்தில் கிடைக்கவே இல்லை. இந்தப் புல் விதையால் பெருகுவதே இல்லை போலும் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. உண்மையில் புல்லில் எந்தக் குறையும் இல்லை. ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே, குறிப்பாக மே, ஜூன் மாதங்களில் எரிந்த நிலங்களைக் கவனித்தபோது, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் தூர்தோறும் கதிர்கள் எழுந்ததையும், நவம்பர், டிசம்பர் மாதங்களில் அவை முளைக்கும் விதைகளை உதிர்த்ததையும் காண முடிந்தது. எரிந்த எல்லைக்கு இந்தப் பக்கம் கதிர்க்கடலும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரும் இல்லாத புல்லும் அடுத்தடுத்து நிற்கும் அளவுக்கு வேறுபாடு தெளிவானது.

ஏன் மே, ஜூன்? மின்னல்தான் காரணம். வறண்ட வசந்தம் முடிந்து கோடை இடிமழை தொடங்கும் அந்த இடைக்காலத்தில், எரிபொருள் காய்ந்திருக்க மின்னலும் பெருகுகிறது. இயற்கையாக மூளும் தீ அதிகப் பரப்பை எரிக்கும் காலம் அதுவே. பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மாதங்களில் எரிந்து பழகிய புல், எரிந்தவுடன் போட்டி குறைந்த வெற்றுமண் கிடைக்கும் ஆண்டிலேயே விதையையும் உதிர்க்கும்படி தன் பூக்கும் காலத்தை அமைத்துக்கொண்டிருக்கிறது.

குளிர்கால எரிப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எரியாமல் விடுவதைவிட எந்தப் பருவத்தில் எரிப்பதும் மேல். எரிபொருள் மிகுதியாகச் சேர்ந்துவிட்ட இடங்களில் முதல் எரிப்பைக் குளிர்காலத்தில் செய்வதே பாதுகாப்பு. ஆனால் ஒரு காடு பல பத்தாண்டுகள் குளிர்காலத்தில் மட்டுமே எரிந்தால், அங்கே முதிய தூர்கள் உயிரோடு இருந்தும் புதிய நாற்றுகள் தோன்றாத நிலை ஏற்படும். பசுமையாகத் தெரிவதால் அந்தக் குறை கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது என்பதுதான் கவலை தருவது.

வளரும் பருவத்தில் எரித்தால் பறவைகளின் கூடுகள் அழியாதா?

சில கூடுகள் அழியும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இந்தக் காட்டில் தரையில் கூடு கட்டும் பாப்வைட் காடை, பாக்மன் சிட்டு போன்றவை கூட்டை இழந்தால் அதே பருவத்தில் மீண்டும் கட்டுகின்றன. ஒரே நாளில் காடு முழுவதையும் எரிக்காமல் துண்டு துண்டாக எரிப்பதும் இதற்காகவே. பாக்மன் சிட்டு புல் தூரின் அடியில் கூடு வைத்து, தூர்களுக்கு இடையே உள்ள திறந்த தரையில் ஓடி இரை தேடும் பறவை. நான்கைந்து ஆண்டுகள் எரியாமல் கிடந்து புல்லும் புதரும் நெருங்கிவிட்ட இடத்தை அது விட்டுப் போய்விடுகிறது. ஒரு பருவத்துக் கூடுகளைக் காப்பதற்காகத் தீயை நிறுத்தினால், அந்தப் பறவை வாழும் இடமே இல்லாமல் போய்விடும்.

பைன் மரத்துக்கும் புல்லுக்கும் என்ன உறவு?

லாங்லீஃப் பைனின் இளங்கன்றை முதன்முதலில் பார்ப்பவர்கள் அதையும் ஒரு புல் தூர் என்றே நினைப்பார்கள். முளைத்தபின் அது உயர்ந்து வளர்வதில்லை. சில ஆண்டுகள், சில நேரங்களில் பத்தாண்டுக்கும் மேல், தரைமட்டத்தில் நீண்ட ஊசியிலைகளின் கொத்தாகவே அமர்ந்திருக்கிறது. இதற்குப் புல்நிலை என்றே பெயர். அந்தக் காலம் முழுவதும் வேரை ஆழமாகச் செலுத்துகிறது. நுனிமொட்டு ஊசிகளின் நடுவே புதைந்து, தீ வரும்போது ஊசிகள் எரிந்தும் தான் எரியாமல் தப்புகிறது. பிறகு ஒரு வசந்தத்தில் திடீரென்று உயரத் தொடங்கி, சில ஆண்டுகளில் தீயின் எட்டாத உயரத்துக்குத் தன் நுனியைக் கொண்டுபோய்விடுகிறது. அந்த ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் காலம்தான் அதற்கு ஆபத்தானது.

பைன் விதை முளைப்பதற்கும் சருகு நீங்கிய மண் வேண்டும். அதைத் தருவது தீ. தீயைக் கொண்டுவருவது புல். புல்லின்மேல் ஊசிகளைத் தூவி அதை எரியவைப்பது பைன். ஒன்றின் பயனை மற்றொன்று இப்படிச் சுற்றிச்சுற்றிப் பெற்றுக்கொள்வதால், மரத்தை மட்டும் நட்டுக் காட்டை மீட்டுவிடலாம் என்று தொடங்கிய முயற்சிகள் பாதியில் நின்றதில் வியப்பில்லை.

இந்தப் புல்வெளியில் வேறு என்னென்ன வாழ்கின்றன?

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒரே புல்லும் ஒரே மரமும் கொண்ட வெறுமையான காடாகத் தோன்றும். குனிந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். வட கரோலினாவின் ஈரமான பைன் வெளிகளில் ஒரே ஒரு சதுர மீட்டருக்குள் 40க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் எண்ணப்பட்டுள்ளன. கம்பிப்புல் தூர்களுக்கு இடையே அவரைக் குடும்பச் செடிகள், சூரியகாந்திக் குடும்பச் செடிகள், ஆர்க்கிட்கள், ஈரமான பகுதிகளில் பூச்சியுண்ணும் குடுவைச் செடிகள் எனப் பலவும் நெருங்கி வளர்கின்றன. உலகில் வட, தென் கரோலினாக்களில் மட்டுமே இயற்கையாக வளரும் வீனஸ் பூச்சிப்பொறியும் இந்தக் காடுகளின் ஈர ஓரங்களில்தான் இருக்கிறது. தீ நின்றால் புதர்களின் நிழலில் அதுவும் மறைந்துவிடும். ஒவ்வொரு தீயிலும் மண்ணின் நைட்ரஜன் ஒரு பகுதி காற்றோடு போய்விடுகிறது என்பதால், வேர்முடிச்சுகளில் நைட்ரஜனைச் சேர்க்கும் அவரைக் குடும்பச் செடிகள் இங்கே அழகுக்கு மட்டும் உரியவை அல்ல.

விலங்குகளில் முதலில் சொல்ல வேண்டியது கோஃபர் ஆமை. கம்பிப்புல்லும் அதனிடையே வளரும் சிறுசெடிகளும் இதன் உணவு. மணலில் இது தோண்டும் வளைகள் சராசரியாக நான்கரை மீட்டர் நீளம்வரை போகின்றன. தீ வரும்போதும், குளிரின்போதும், கடும் வெயிலின்போதும் பாம்பு, தவளை, எலி, பூச்சிகள் என 350க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் அந்த வளைகளில் அடைக்கலம் தேடுகின்றன. அச்சுறுத்தலுக்கு உள்ளான கிழக்கத்திய இண்டிகோ பாம்பும் அவற்றுள் ஒன்று. வெயில் விழாத தரையில் புல் மறைந்தால் ஆமைக்கு உணவில்லை. ஆமை போனால் வளை இல்லை.

ரெட்-காக்கேடட் மரங்கொத்தி உயிருள்ள முதிய பைன் மரத்திலேயே பொந்து குடையும் பறவை. பொந்தைச் சுற்றி மரத்தைக் கொத்திப் பிசினை ஒழுகவிட்டுப் பாம்பு ஏறாதபடி காத்துக்கொள்கிறது. 1970இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட இது, பல பத்தாண்டு உழைப்பின் பயனாக 2024 அக்டோபரில் ஒரு படி குறைந்த அச்சுறுத்தல் நிலைக்கு மாற்றப்பட்டது. பொந்துள்ள மரத்தைச் சுற்றிப் புதர் உயர்ந்துவிட்டால் இந்தப் பறவை இடத்தைக் கைவிடுகிறது. எனவே அதைக் காப்பாற்றிய உழைப்பில் பெரும்பங்கு தரையை எரித்த உழைப்புதான்.

பலரும் அறியாத இன்னொன்று தட்டைக்காட்டுச் சாலமாண்டர், பல்லியைப் போலத் தோன்றும் ஒரு நீர்நில வாழ் உயிர். காட்டுக்குள் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் சிறு குட்டைகளின் வறண்ட தரையில், இலையுதிர் காலத்தில் புல்லிடையே முட்டையிடுகிறது. குட்டை நிரம்பும்போது முட்டை பொரிந்து, நீரில் மூழ்கிய புற்களுக்கு இடையே இளம் உயிர்கள் வளர்கின்றன. குளிர்காலத்தில் எரித்தால் குட்டையில் நீர் நிற்பதால் தீ உள்ளே நுழையாது. அது வறண்டு கிடக்கும் வளரும் பருவத்தில் எரிந்தால்தான் குட்டையின் புல் தழைக்கும். பருவம் பற்றி மேலே சொன்னது புல்லின் விதையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

தீயை நிறுத்தினால் புல்லுக்கு என்ன ஆகும்?

முதல் ஓரிரு ஆண்டுகளில் ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். பிறகு தூருக்குள் காய்ந்த இலைகள் சேர்ந்து புதிய இலைகளை நெருக்குகின்றன, பூப்பது நின்றுவிடுகிறது. புதர்களும் ஓக், ஸ்வீட்கம் போன்ற மரங்களின் கன்றுகளும் தீயால் வெட்டுப்படாமல் உயர்கின்றன. அவற்றின் இலைச் சருகு தட்டையாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துவைப்பதால், அடுத்துத் தீ வந்தாலும் எளிதில் ஓடுவதில்லை. நிழல் கூடக்கூட எரிவது குறைகிறது, எரிவது குறையக் குறைய நிழல் கூடுகிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் புல்வெளி இருந்த இடத்தில் அடர்ந்த புதர்க்காடு நிற்கும். கம்பிப்புல் ஆங்காங்கே சில மெலிந்த தூர்களாகச் சுருங்கி, கடைசியில் அதுவும் இல்லாமல் போகும்.

அப்படியானால் ஏன் தீயை நிறுத்தினார்கள்?

பெருங்காடுகள் வெட்டப்பட்ட காலத்தின் பின்விளைவு அது. 1880களிலிருந்து 1920கள் வரை ரயில் பாதைகளோடு உள்ளே நுழைந்த மரத்தொழில் முதிய லாங்லீஃப் காடுகளைப் பெரும்பாலும் வெட்டி முடித்தது. மிஞ்சிய கழிவுகளில் மூண்ட தீயும், புல்நிலைக் கன்றுகளின் வேரைத் தோண்டித் தின்ற பன்றிகளும் காடு மீண்டும் எழாமல் செய்தன. தீயே எதிரி என்று வனத்துறையினர் நம்பினார்கள். 1928இல் தொடங்கி மூன்று ஆண்டுகள், திரைப்படக் கருவிகளோடு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்று, காட்டை எரிக்காதீர்கள் என்று அமெரிக்க வனவியல் சங்கம் பரப்புரை செய்தது. அதற்கு முன் பழங்குடி மக்களும், அவர்களுக்குப் பின் வந்த குடியேறிகளும் மேய்ச்சலுக்காகவும் வேட்டைக்காகவும் தலைமுறை தலைமுறையாக எரித்துவந்த வழக்கம் அறியாமை என்று ஒதுக்கப்பட்டது.

மாறுபட்ட குரல்களும் இருந்தன. புளோரிடாவின் டலஹாசியைச் சேர்ந்த எலன் கால் லாங் என்னும் பெண்மணி, ஆண்டுதோறும் எரிவதால்தான் லாங்லீஃப் காடு நிலைக்கிறது என்று 1880களின் இறுதியிலேயே எழுதினார். யேல் பல்கலைக்கழகத்தின் எச். எச். சாப்மன் இந்த மரத்தின் பிழைப்புக்குத் தீ இன்றியமையாதது என்று வாதிட்டார். காடைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931இல் வெளியிட்ட தம் நூலில், காடை குறைந்ததற்குத் தீ நின்றதும் ஒரு காரணம் என்று காட்டினார். 1958இல் டலஹாசிக்கு அருகே டால் டிம்பர்ஸ் ஆய்வு நிலையம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. இந்தக் குரல்கள் கொள்கையாக மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1990களில் லாங்லீஃப் காடு ஏறத்தாழ 32 லட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்தது. அந்த 1990இல்தான் புளோரிடா மாநிலம், பயிற்சிபெற்று விதிப்படி எரிப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் திட்டமிட்ட எரிப்புச் சட்டத்தை இயற்றியது.

இன்று மின்னலையே நம்பியிருந்தால் போதாதா?

போதாது. முன்பு ஓரிடத்தில் மூண்ட தீ நாட்கணக்கில் புல்வெளி வழியே பரவிச் சென்று, ஓர் ஆற்றிலோ சதுப்பிலோ போய் அணைந்தது. இன்று சாலை, வயல், ஊர் எனக் குறுக்கே நிற்பவை பல. மின்னல் விழும் இடங்கள் குறையவில்லை. அந்தத் தீ ஓடும் தூரம்தான் குறைந்துவிட்டது. ஆகவே காற்றின் திசை, ஈரப்பதம், புகை போகும் வழி எல்லாவற்றையும் கணித்து மனிதர்களே எரிக்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகள் எரியாத காட்டை உடனே எரித்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆம் என்று சொன்னவர்களால் முதிய மரங்கள் மடிந்திருக்கின்றன. தீ வராத காலத்தில் மரத்தின் அடியைச் சுற்றி ஊசியும் பட்டையும் மட்கிக் கனத்த அடுக்காகச் சேர்கின்றன. மரத்தின் நுண்வேர்கள் கீழிருந்து அந்த மட்குக்குள் ஏறி வளர்ந்துவிடுகின்றன. மட்கு காய்ந்திருக்கும்போது எரித்தால், தழல் மேலே தெரியாமல் மணிக்கணக்கில், சில நேரங்களில் நாட்கணக்கில், உள்ளே கனன்று அந்த வேர்களையும் அடிப்பட்டையையும் சுட்டுவிடும். கிளையில் ஒரு ஊசிகூடக் கருகாத மரம் சில மாதங்கள், ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சாவது இதனால்தான். நூறு தீயைத் தாங்கிய முதுமரம் நூற்றொன்றாவதில் சாகிறதே என்று வியப்போர், அதைக் கொன்றது இடையில் தீயற்றுப்போன ஆண்டுகள் என்பதை உணர வேண்டும்.

மழைக்குப் பின் மட்கின் அடிப்பகுதி ஈரமாக இருக்கும் நாட்களைத் தேர்ந்து, பலமுறை மெல்லிய தீயிட்டு அடுக்கைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. மதிப்புமிக்க முதுமரங்களைச் சுற்றி மட்கை வாரி அகற்றுவதும் உண்டு. மட்கு குறைந்தபிறகே வளரும் பருவத்து எரிப்புக்கு மாற வேண்டும்.

ஒருமுறை உழுத நிலத்தில் கம்பிப்புல் ஏன் திரும்புவதில்லை?

தீயை ஆண்டுதோறும் தாங்கும் இந்தப் புல்லால் ஒரே ஓர் உழவைத் தாங்க முடியாது. தூர் பெயர்ந்தால் செத்துவிடும். தரைக்கடியில் ஓடும் தண்டு இல்லாததால் வேறிடத்திலிருந்து ஊர்ந்து வரவும் முடியாது. விதைகளில் பெரும்பாலானவை தாய்த்தூரின் அருகிலேயே விழுகின்றன. மண்ணுக்குள் நெடுங்காலம் உறங்கிக் காத்திருக்கும் விதைச் சேமிப்பும் இதற்கு இல்லை. எனவே ஒரு காலத்தில் பருத்தியோ சோளமோ விளைந்து பின்னர் கைவிடப்பட்ட நிலத்தில், பைன் தானாக வந்து உயர்ந்து நின்றாலும் அடியில் கம்பிப்புல் இருக்காது. அதன் எல்லை பழைய வயலின் வரப்போடு அப்படியே நின்றுவிடுவதைக் கண்கூடாகக் காணலாம். கம்பிப்புல் அடர்ந்திருக்கும் இடம் பெரிதும் உழப்படாத மண் என்று ஆய்வாளர்கள் கொள்வதும் இதனால்தான். பணமும் உழைப்பும் குறைவாக உள்ளவர்கள், புதிதாக நடுவதைவிட, எஞ்சியிருக்கும் உழாத நிலத்தைத் தொடர்ந்து எரித்துக் காப்பதிலேயே அவற்றை முதலில் செலவிட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இழந்த இடத்தில் மீண்டும் வளர்க்கவே முடியாதா?

முடியும், ஆனால் மனிதர்கள் விதைக்க வேண்டும். விதை வேண்டுமென்றால் கம்பிப்புல் ஏற்கெனவே வளர்ந்திருக்கும், விதை தரும் நிலத்தை மே முதல் ஜூலைக்குள் எரித்து, அந்த ஆண்டின் இறுதியில் சுழலும் தூரிகை பொருத்திய இயந்திரத்தால் கதிர்களை வாரி எடுக்கிறார்கள். விதைகள் இலேசானவை, மீசைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்பவை. சாதாரண விதைப்புக் கருவி அடைத்துக்கொள்ளும். களை நீக்கிய மண்ணில் குளிர்காலத்தில் தூவி, உருளையால் அழுத்தி மண்ணோடு ஒட்டவைக்கிறார்கள். தட்டுகளில் வளர்த்த நாற்றுகளை நடுவது இன்னொரு வழி. செலவு அதிகம், பிழைப்பது உறுதி. விதை வாங்கும் இடமும் முக்கியம்: வறண்ட மணல்மேட்டில் வளரும் புல்லும் சமதளமான, ஈரமான தட்டைக்காட்டில் வளரும் புல்லும் தத்தம் மண்ணுக்குப் பழகியவை ஆதலால், அருகிலுள்ள, ஒத்த நிலத்தின் விதையே நல்லது.

மாடுகள் இதை மேயுமா?

எரிந்து சில மாதங்கள் வரை இளந்துளிரை விரும்பி மேயும். பிறகு இலை கடினமாகிச் சத்தும் குறைந்துவிடுவதால் ஒதுக்கிவிடும். பழைய மாட்டுக்காரர்கள் வசந்தத்தில் காட்டை எரித்ததன் காரணம் அதுவே.

கோகன் புல்லும் நன்றாகத்தானே எரிகிறது, அது இருந்தால் என்ன?

கோகன் புல், அதாவது இம்பெரேட்டா சிலிண்ட்ரிகா, ஏறத்தாழ 1912இல் ஜப்பானிலிருந்து வந்த ஆரஞ்சுக் கன்றுகளைச் சுற்றிய பொதிபுல்லாக அலபாமாவின் கிராண்ட் பே பகுதியில் இறங்கியது. பின்னர் தீவனத்துக்காகவும் மிசிசிப்பியில் கொண்டுவரப்பட்டது. நிலத்தடித் தண்டுகளால் தொடர்ந்து பரவி, தூர்களுக்கு இடையே கம்பிப்புல் விட்டுவைக்கும் இடைவெளி எதையும் விடாமல் தரையை முழுதும் மூடிவிடுகிறது. அதனால் சதுர மீட்டருக்கு நாற்பது இனங்கள் என்ற வளம் ஓர் இனமாகச் சுருங்குகிறது. அது எரியும் தீயும் உயரமானது, வெப்பம் மிகுந்தது. கம்பிப்புல் தீயில் பிழைக்கும் பைன் கன்றுகள் இதில் கருகுகின்றன. தீக்குப் பின் இன்னும் வேகமாகப் பரவுவதால், எரித்து இதை ஒழிக்கவும் முடியாது. கண்ட உடனே களைக்கொல்லியால் அழிப்பதும், அது இருந்த நிலத்தில் ஓடிய இயந்திரங்களைக் கழுவாமல் அடுத்த காட்டுக்குள் விடாதிருப்பதுமே இப்போதுள்ள வழி.

கம்பிப்புல்லை வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கலாமா?

அது இயற்கையாக வளரும் பகுதிகளில் தாராளமாக வளர்க்கலாம். முழு வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் போதும். உரமிட்டால் கெடுதலே அதிகம், ஏனெனில் சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய இதை, உரம் தின்று கொழுத்த களைகள் மூடிவிடும். காட்டிலிருந்து தூரைப் பெயர்த்து வராமல், விதையிலிருந்து வளர்த்த நாற்றையே வாங்குங்கள்.

தோட்டத்தில் தீ வைக்க முடியாது என்பதால் பூக்குமா என்று கேட்பார்கள். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தூரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கீழ் வெட்டி, வெட்டிய இலைகளை முழுவதும் வாரி அகற்றினால் ஓரளவு கதிர்கள் எழும். தீக்குப் பின் எழுவதைப் போல அடர்த்தியாக இராது. நிறத்துக்காக மட்டும் புல் வேண்டும் என்போர் மியூலி புல்லை, அதாவது மியூலன்பெர்ஜியா கேபிலாரிஸை நடலாம். அதுவும் அந்த நாட்டின் சொந்தப் புல்தான். தீ இல்லாமலே இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பு மேகம்போலப் பூக்கும்.

கம்பிப்புல்லையே நடுவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். காய்ந்த இலைகள் எளிதில் பற்றுபவை. வீட்டுச் சுவரை ஒட்டியோ மரத்தாலான படிக்கட்டின் அருகிலோ நடாமல், இடைவெளி விட்டு நடுங்கள். உங்கள் பகுதியில் லாங்லீஃப் காடு இருந்தால், அங்கே எரிப்பு நடக்கும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மே மாதத்தில் கரியாகக் கிடக்கும் அந்தத் தரையைப் பார்த்து மனம் வருந்துவோர், அதே இடத்துக்கு அக்டோபர் கடைசியில் ஒரு மாலை நேரத்தில் மறுபடியும் சென்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.